மடக்கு வீட்டுக்கு ஏற்ற வண்டி

மடக்கு மாமாவால் மடக்க முடியாத பொருள்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஸ்ரீரங்கத்து ராயகோபுரம். இன்னொன்று, அவருடைய பெரியக்கா. ராயகோபுரம் அந்த நாளில் மொட்டையாக நின்றதற்குக்கூட, மாமா பாதி மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதுதான் காரணம் என்று எங்கள் உத்தர வீதியில் பேச்சு உண்டு. பெரியக்கா விஷயத்தில் அந்தப் பாதிகூட நடக்கவில்லை.

பொன்மலையில், ரயில் பெட்டிகளுக்கு மரவேலை நடக்கிற இடத்தில் மாமாவுக்கு மேற்பார்வை உத்தியோகம். ரயிலில் மேல் பலகையைத் தூக்கிச் சுவரோடு மாட்டுகிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்து மனுஷருக்கு மடக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். மாமா மடக்குத் தொட்டில் செய்தார், மடக்கு ஏணி செய்தார், மரத்தில் ஒரு மடக்கு அம்மி செய்தார். அம்மியை எப்படி மடக்குவது என்று கேட்காதீர்கள். மடங்கியது. அரைக்கத்தான் முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சி டவுனில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. மாமா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜனத்தொகை எடுக்க வந்த ஆசாமியே மூன்று தடவை எண்ணி மூன்று விடை வந்து, கடைசியில் பெரியக்கா சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அந்த வீட்டில் பெரியக்கா சொல்வதுதான் கணக்கு.

இத்தனை பேருக்கும் காலையில் காபி போடுவது மாமி. மாமா மாதிரி மாமியும் அதிகம் பேசமாட்டார். விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தால், "மாமி காபி", "மன்னி காபி", "அம்மா காபி" என்று குரல் மேல் குரலாக வரும். அந்தக் குரல்களில் கடைசிக் குரல், மாடிப்படியில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் என்னுடையது. வாடகையில் காபி சேர்த்தி இல்லை. ஆனாலும் கேட்பேன். மாமியும் கொடுப்பார்.

ஒரு நாள் அப்படிப் படியில் காத்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. மாமா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போறதே. நோக்கு என்ன வேணும், சொல்லு. வளையலா, பொடவையா?"

மாமி பாலை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

"சொன்னா சிரிக்கப்படாது. ஒரே ஒரு நாள் கார்த்தால நான் கண்ணைத் தொறக்கறச்சே, 'காபி'ங்கற வார்த்தை என் காதுல விழப்படாது. காவேரியைப் பாத்துண்டு செத்தே நேரம் சும்மா ஒக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

மாமா சிரிக்கவில்லை. நான் மட்டும் படியிலிருந்து "மாமி, காபி" என்றேன்.

சுலபமான ஆசை என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தக் குடும்பத்தை நீங்கள் பார்த்ததில்லை. மாமாவும் மாமியும் ஒரு தடவை காவிரிக்கரை முக்கொம்புக்குக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்புவதற்குள் பெரியக்கா தலைமையில் ஒரு பஸ் கொள்ளும் ஜனம் சேர்ந்துவிட்டது. அங்கேயும் கல் கூட்டி அடுப்பு வைத்துக் காபி போட்டது மாமிதான். சத்திரமானால் சத்திரம் நிரம்பும். உறவுக்காரர் வீடானால் உறவுக்காரர் ஓடிவிடுவார்.

ஆகவே மாமா ஒரு வீடு கட்டினார். மடக்கு வீடு.

இரண்டு சக்கரத்தின் மேல் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப்பெட்டி. பூட்டியிருந்தால் அரிசி மண்டிக்காரர் கல்லாப்பெட்டி மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மூங்கில் விலாக்கள் எழுந்து நிற்கும், மேலே தார்ப்பாய்க் கூரை விரியும், இரண்டு பக்கமும் படுக்கைப் பலகை நீளும். உள்ளே மடக்கு அடுப்பு மேடை வேறு. தார்ப்பாய் மட்டும் உறையூரில் ஒரு சுருட்டுக் கிடங்கிலிருந்து வாங்கியது. எத்தனை தடவை துவைத்தும் வாசனை போகவில்லை. வெற்றிலைகூடப் போடாத மாமா, அந்த வீட்டைப் பிரித்துவிட்டு வெளியே வந்தால் பழைய ஜமீன்தார் மாதிரி மணப்பார்.

வீதியில் நடந்த முதல் வெள்ளோட்டத்தில் வீடு அழகாகப் பிரிந்தது. பசு ஒன்று உள்ளே போய்ப் படுத்தது. பிறகு வீடு மடங்கவில்லை, பசுவும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதை தனி.

வீடு தயார். அதை இழுக்க வண்டி? இங்கேதான் நான் வந்து சேர்ந்தேன். கார் விஷயத்தில் நான் பெரிய நிபுணன். அதாவது, கார் படம் போட்ட காலண்டர் ஒன்று என் அறையில் தொங்கியது. "கவலைப்படாதீங்கோ மாமா, வண்டி பாக்கறது என் பொறுப்பு" என்றேன். மனசுக்குள் முன் சீட்டில் எனக்கு ஒரு ஜன்னலோரமும் பிடித்து வைத்தேன்.

முதலில் எங்கள் தெரு டாக்டரின் குட்டிக் கார். மடக்கு வீட்டின் கொக்கியைப் பின்னால் மாட்டியதும் காரின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. கார் ரெங்கநாதரைச் சேவிக்கிற மாதிரி கைகூப்பி நின்றது.

"முன்னாடி கொஞ்சம் கனம் வேணும்" என்றேன்.

"கனம்தானே, நான் ஒக்காந்துக்கறேன்" என்று பெரியக்கா புடைவையைச் சொருகிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம்க்கா, அப்புறம் பின் சக்கரம் எழுந்துடும்" என்றார் மாமா.

கடைசியில் பானெட் மேல் என்னை ஏற்றினார்கள். கார் சமனாகி, மெல்ல ஓடியது. தெருக்கோடியில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. டாக்டர் பிரேக் போட்டார். கார் நின்றது. நான் நிற்கவில்லை. வைத்தியம் மட்டும் இலவசம்.

அடுத்தது ஜங்ஷன் ஸ்டாண்டிலிருந்து ஒரு பெரிய பழைய டாக்ஸி. அடடா, அதுவல்லவா வண்டி! மடக்கு வீட்டைப் பஞ்சுப் பொதி மாதிரி இழுத்தது. காவிரிப் பாலத்தின் மேல் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தோம். எனக்குப் பரம திருப்தி. மாமா என்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்தார், சீட்டைக் கையால் சாண் போட்டு அளந்தார், பெருமூச்சு விட்டார்.

"ஹாரன் சரியில்லை. வேண்டாம்."

"மாமா, ஹாரனா வீட்டை இழுக்கப் போறது?"

"வேண்டாம்னா வேண்டாம்."

இதற்குள் பெரியக்கா பின் சீட்டில் ஏறிப் பார்த்து, "பின்னாடி ஆறு பேர், மடியில நாலு கொழந்தேள். தாராளமா இருக்கேடா!" என்றார். டாக்ஸிக்காரர் முகத்தில் மாமா முகத்தைவிட அதிகக் கவலை.

மன்னார்புரம் பக்கம் ஒரு ஷெட்டில் பட்டாளத்து ஜீப் ஒன்று வாடகைக்கு இருப்பதாக அறிந்து அங்கே போனோம். மலையையே இழுக்கும் ஜீப். மாமா நேரே பின்பக்கம் போனார். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. பார்த்தார். பழைய பெருமூச்சு.

"கலர் பிடிக்கலை."

"ஜீப்புன்னா பச்சைக் கலர்தான் மாமா! வேற என்ன கலர்ல வரும்?"

"அதான் சொல்றேன். பிடிக்கலை."

உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நிபுணன் அல்லவா! ஒரு வேன் வந்தது. வாசனை பிடிக்கவில்லை என்றார். சுருட்டுத் தார்ப்பாய்க்குச் சொந்தக்காரர் வாசனையைப் பற்றிப் பேசியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு ஏத்த வண்டி இனிமேதான் பொறக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் டம்ளரில் டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை ஜீயபுரத்துக்கு அழைத்துப் போனார். காவிரிக் கரையில் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர், தோட்டத்து ஓரமாக மடக்கு வீட்டை நிறுத்திக்கொள்ள இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொட்டகையில் சிவப்பாக ஒரு டிராக்டர் நின்றது. மாமா சட்டென்று நின்றார்.

"ஐயா, இதுல எத்தனை பேர் ஒக்காரலாம்?"

"எத்தனை பேரா? இது என்ன பஸ்ஸா சாமி? ஓட்றவன் ஒருத்தன்தான்."

"கூட ஒருத்தர்?"

"பின் சக்கரத்து மட்கார்டு மேல வேணா ஒருத்தர் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு ஒக்காரலாம். மூணாவது ஆள் ஏறுனா, அவன் சேத்துலதான் கெடப்பான்."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் கருட சேவையில்கூடப் பார்த்ததில்லை.

"இதான்! இதான்டா அம்பி, வண்டி!"

பண்ணைக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "சாமிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று விசாரித்தார். "வண்டியைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். இவரைப் பத்தித்தான் தெரியாது" என்றேன். மாமா அவருக்குத் தோட்டக் காவலுக்காக ஒரு மடக்குக் கட்டில் செய்து தருவதாகச் சொன்னார். பேரம் முடிந்தது. அன்று மாலைக்குள் மாமா டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். வாழை மரங்கள் சில கற்றுக்கொடுத்தன.

கல்யாண நாள் காலை. உத்தர வீதியே வாசலில் நின்றது. பெரியக்கா கையில் கூஜா, பின்னால் புளியோதரைத் தூக்கு, விசிறி, ஜமக்காளம், குழந்தைகள், குழந்தைகளின் சிநேகிதக் குழந்தைகள். நான் இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜன்னலோரத்துக்குத் தயாராக நின்றேன். டடடடடவென்று வீதி அதிர, டிராக்டர் வந்து நின்றது.

பெரியக்கா டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏண்டா, சீட்டெல்லாம் எங்கேடா?"

"இவ்வளவுதான்க்கா வந்தது."

பெரியக்கா தோற்கிற ரகமா? "போறது, நாங்க பின்னாடி உன் மடக்கு வீட்டுல ஒக்காந்துக்கறோம்."

மாமி கதவோரம் நின்றிருந்தார். கையிலிருந்த சின்னப் பையை மெல்லக் கீழே வைத்துவிட்டார். இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

மாமா மடக்கு வீட்டின் மேல் கை வைத்து, ரொம்ப சாதுவாகச் சொன்னார். "மடக்கினா ஆள் கொள்ளாது அக்கா. பிரிச்சா வண்டி நகராது."

பெரியக்கா கூஜாவைக் கீழே வைத்தார். அந்த வீதியின் சரித்திரத்தில் அவர் மடங்கியது அன்றைக்குத்தான்.

மாமி பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மடிசார்ப் பட்டோடு மட்கார்டு மேல் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏன்னா, எல்லாரும் பாக்கறா" என்று தலையைக் குனிந்தார்.

"பாக்கட்டும். நாளைக்குக் கார்த்தால ஒருத்தரும் பாக்க மாட்டா."

டிராக்டர் கிளம்பியது. பின்னால் மடக்கு வீடு சுருட்டு மணம் கமழப் போயிற்று. கறுப்புக் கண்ணாடிக்குள் நின்ற எனக்கு அப்போதுதான் எல்லாம் வெளிச்சமாயிற்று.

மறுநாள் காலை பெரியக்கா காபி போட்டார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. குடித்து முடிப்பதற்குள், "அம்பி, சைக்கிளை எடுத்துண்டு போய் என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வா. அவன் எதையாவது மடக்கிண்டு உள்ளேயே மாட்டிண்டிருப்பான்" என்று துரத்தினார்.

ஜீயபுரம் போய்ச் சேர்ந்தபோது நாக்கு உலர்ந்திருந்தது. வாழைத்தோட்டத்தைத் தாண்டினேன். பிரிந்த வீடு கரைமேல் நின்றது. மாமா மடக்கு அடுப்பின் முன் குனிந்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார். கண்ணராவியான காபி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. கீழே படித்துறையில் மாமி புதுத்தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். சைக்கிள் பிரேக் கீச்சென்றது. மாமி திரும்பினார். என்னைப் பார்த்ததும் கை தானாகவே தலைப்பை இடுப்பில் சொருகியது.

"வாடா அம்பி. வெயில்ல வந்திருக்கியே. இரு, உனக்கு ஒரு வாய்..." என்று எழுந்திருக்கப் போனார்.

கரைமேல் மாமா ஊதுகுழலும் கையுமாக என்னையே பார்த்தார். இருபத்தைந்து வருஷம், ஒரு வீடு, ஒரு டிராக்டர், எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வேண்டாம் மாமி. நான் அதைக் குடிக்கறதையே விட்டுட்டேன்."

"எப்போ?"

"நேத்திலேர்ந்து. டாக்டர் சொல்லிட்டார். பானெட்லேர்ந்து விழுந்தேனோல்லியோ, அதுக்கும் இதுக்கும் ஆகாதாம்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். நான் வறண்ட நாக்கோடு சைக்கிளைத் திருப்பினேன்.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காலையில் மோர்தான். "டாக்டர் சொன்னது சொன்னதுதான்" என்று மாமி பெருங்காயம் போட்டு, ஒரு நாள் தவறாமல் கொடுத்தார். நான் கல்யாணம் ஆகி வீடு மாறும்வரை கொடுத்தார்.

ஆனால் மாமி அடுப்புப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, மாமா தன் காபியில் பாதியை டவராவில் ஊற்றி, மாடிப்படியில் என் பக்கமாக நகர்த்துவார். அவர் கையால் செய்த மடக்கு டவரா அது. ஒழுகும். ஒழுகினது போக இரண்டு வாய் மிஞ்சும். அந்த இரண்டு வாய்க்காகவே நான் ரொம்ப நாள் வீடு மாறாமல் இருந்தேன்.