முப்பத்தேழு ஓட்டு வாங்கித் தோற்ற செயலாளர்

பதவி ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம். பள்ளியில் கிளாஸ் லீடராகக்கூட ஆனதில்லை என்பதுதான் காரணம். அதனால் கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குச் சங்கம் ஆரம்பித்தபோது, தேர்தலுக்கு முன்பே 'செயலாளர்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துவிட்டேன். (தெருவின் போர்வெல் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதற்கு ஸ்டாம்ப் எதற்கு என்று கேட்காதீர்கள்.)

போட்டியில் மூன்று பேர்: நான், கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி, ஓய்வுபெற்ற ஜெபமணி டீச்சர். மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்ற திமிரில், தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடத்தும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். ஒருவர் எத்தனை பெயருக்கு வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம் என்ற பட்டன் அதில் ஏற்கெனவே ஆனில் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்பது இந்த மேதைக்குத் தெரியவில்லை.

யார் யாருக்குப் போட்டார்கள் என்பது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் முகம் கோணினால் அடுத்த பொங்கல்வரை பேச்சு நின்றுவிடும். வம்பே வேண்டாமென்று சனங்கள் மூவருக்கும் டிக் அடித்தார்கள். நானும்தான். எனக்கு முப்பத்தேழு ஓட்டு! ஸ்டாம்பைத் துடைத்து வைத்தேன். பிறகுதான் மற்ற இருவருக்கும் முப்பத்தெட்டு என்பதைப் பார்த்தேன்.

குறைந்த அந்த ஒன்று என் மனைவி சாந்தி.

"ஏட்டி, எனக்கு மட்டும் ஏன் போடல?"

"வீட்டு மோட்டாரையே ஆறு மாசமா பாக்கல. நீங்க தெரு மோட்டாரைப் பாக்கப் போறீயளாக்கும்?"

அவமானம் பொறுக்கவில்லை. பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அணைத்தேன். 'முந்தையது செல்லாது, ஒருவருக்கு ஒரு ஓட்டுதான்' என்று சட்டம் பேசி மறுபடி அனுப்பினேன்.

அண்ணாச்சி உடனே போன் செய்தார். "தம்பி, நான் சொல்லுதேன், கேளுங்க. எல்லாருக்கும் சந்தோசமா முடிஞ்சிருக்கு. மூணு பேருமே செயலாளரா இருந்துட்டுப் போவோம். கிண்டாதீங்க."

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு நானே தனியாகப் போட்டுக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? பெருந்தன்மையாக டீச்சருக்குப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் டீச்சருக்கு இருபது, அண்ணாச்சிக்குப் பதினேழு, எனக்கு ஒன்று. காலையில் இருந்த பாசமெல்லாம் ஒரு பட்டனோடு சேர்ந்து அணைந்துவிட்டது. கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் அழுகைதான் முதலில் வந்தது.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று பார்த்தேன். சாந்தி.

"காலையில போடாதவ இப்ப ஏன் போட்ட?"

"அப்பதான் ஊரே போட்டுச்சே! இப்ப ஒருத்தரும் போடலன்னா நாளைக்குத் தெருவுல எனக்குல்லா அசிங்கம்."

ஸ்டாம்ப் இன்றும் வீட்டில்தான் இருக்கிறது. கடைக்குப் போகும் சாமான் சீட்டில் சாந்தி அதை ஓங்கிக் குத்தி நீட்டுவாள். கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று நான் கேட்டுவிட்டால் போதும், "அப்பா, மொதல்ல பட்டனைப் பாத்துக்கோங்க!" என்று உள்ளேயிருந்து மகள் கத்துவாள். சீட்டின் முதல் வரி மட்டும் மாறுவதே இல்லை: 'மோட்டார் மெக்கானிக்'.