ஏழாவது பாட்டை எடுத்துவிடச் சொல்

நியூ ஹார்லிங்கன், மிச்சிகன்
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள தம்பி கெரிட்டுக்கு,

உன் அக்கா ஆலிடா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில், முழங்கால் ஒன்றைத் தவிர, நான் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். கலமசூவில் பனி உருகிவிட்டதா? இங்கே தபால்பெட்டி வரைக்கும் உருகியிருக்கிறது. மரியாதைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. இனிமேல் நான் கேட்கப்போவது வேறு. உன் மகள் அனிகாவை என்ன செய்வதாக உத்தேசம்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன். அவள் வெளியிட்டிருக்கிற கேசட்டிலிருந்து ஏழாவது பாட்டை எடுத்துவிடச் சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறாள். அப்பன் சொன்னால் கேட்பாள். அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் நம் சபையின் கீழ்த்தளத்தில் அவளுடைய கச்சேரி இருக்கிறதே, அதற்கு நீ வரப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வராதே. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சபையின் வாசலை மிதிக்காதவன், கடைசியில் ஒரு பாஞ்சோ வாத்தியத்துக்காகவா மிதிக்க வேண்டும்? கேசட் உன் கைக்கு வந்தால் அதையும் கேட்காதே. ஏன் என்று கேட்காமல் அக்கா சொன்னதற்காகச் செய்.

நீ கேட்பாய், எனக்குத் தெரியும். ஆதியிலிருந்தே சொல்கிறேன். போன நவம்பரில் அனிகா என் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஐந்து தாடிகள். ஆறு பேரும் மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள், வெளியே சொட்டு மழை கிடையாது. குழுவுக்குப் பெயர் 'மாடில்லாத தொழுவம்'. நாற்பது பசு கறந்த நம் அப்பாவின் பேத்தி வைக்கிற பெயரா இது? "அத்தை, சபைக் கீழ்த்தளத்துல எதிரொலி அவ்ளோ நல்லா இருக்கு, ரெண்டு வாரம் அங்க ரெக்கார்டிங் பண்ணிக்கிறோமே, எல்லாம் ஆண்டவரைப் பத்தின பாட்டுதான்" என்றாள். ஆண்டவரைப் பற்றி என்ற பிறகு நான் என்ன சொல்ல? சாவியைக் கொடுத்தேன். இரண்டு வாரமும் நான்தான் பட்டாணி சூப் காய்ச்சிக் கொண்டுபோனேன். ஒருத்தன் குழந்தைகள் விளையாடுகிற பியானோவைத் தட்டுகிறான், ஒருத்தன் டிராம்போனை ஊதிவிட்டுத் தானே சிரிக்கிறான், எலியட் என்று ஒருத்தன் மரம் அறுக்கிற ரம்பத்தை முழங்காலில் வளைத்து வைத்துக்கொண்டு வயலின் வில்லால் தேய்க்கிறான், எனக்குப் பல்லெல்லாம் கூசுகிறது. "ஏம்ப்பா, இதுக்கும் ஆண்டவருக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "அவர் தச்சர்தானே பாட்டி" என்கிறான். பாட்டியாம்! எனக்கு அறுபத்தெட்டுதான் ஆகிறது.

அப்போதுதான் அனிகா, "அத்தை, பழைய பிரசங்க கேசட் ஏதாவது கிடக்குதா? பாட்டுக்கு நடுவுல குரல் வேணும்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிள்ளைகள் எப்படி உடுத்தினால் என்ன, நம் பழைய போதகர் ஸ்வார்ட்டின் பிரசங்கத்தைத் தேடுகிறார்களே என்று நானே அலமாரியைத் திறந்து அறுபத்து மூன்று கேசட் இருந்த பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் 'மாலை ஆராதனை, கிருபையைப் பற்றி' என்று ஒட்டியிருந்தது. ஒட்டியதும் நான்தான், மறந்ததும் நான்தான். எதை மறந்தேன் என்று கேள். அந்தப் பிரசங்கங்களின் மேலேயே வேறு ஒன்றைப் பதிந்திருந்தோம். நம் ஜெபச் சங்கிலிக்கு என்று ஆபீஸ் அறையில் ஒரு போன் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு என்ன கஷ்டமோ அதில் சொல்லி வைப்பார்கள், மெஷின் பதிந்துகொள்ளும், காலையில் நான் கேட்டுக் குறித்துக்கொண்டு ட்ரீனாவைக் கூப்பிடுவேன், ட்ரீனா அடுத்தவளைக் கூப்பிடுவாள், பத்து மணிக்குள் நாற்பத்தொரு வீடும் ஜெபிக்கும். அந்த மெஷினுக்குக் கேசட் வேண்டும். நம் அம்மா பிரெட் வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டவள். அவள் வயிற்றில் பிறந்துவிட்டு நான் கடைக்குப் போய்ப் புது கேசட் வாங்குவேனா? ஸ்வார்ட் இருந்தார், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிஷம். அவர் மேலேயே பதிந்தேன்.

இப்போது கேசட் வந்துவிட்டது. ஆமாம், கேசட்டிலேயே வெளியிட்டிருக்கிறார்கள், அதுதான் இப்போது நாகரிகமாம். அதைப் போடுகிற மெஷின் எனக்குத் தெரிந்து ஊரில் என் பழைய காரில் மட்டும்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை ட்ரீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்பும்போது போட்டேன். முதலில் ஸ்வார்ட் வந்தார். இருமினார். பின்னால் யாரோ பெப்பர்மிண்ட் காகிதத்தைப் பிரிக்கிற சத்தம், சரசரவென்று. அந்தச் சத்தத்தையே தாளமாக்கிக் கை தட்டுகிறார்கள்! நான் "அட கடவுளே" என்று வாயைத் திறப்பதற்குள் மெஷின் பீப் என்றது, பாஞ்சோ ஆரம்பித்தது, அதற்கு மேலே ட்ரீனாவின் குரல்: "ஆலிடா, நான்தான், மூலம் மறுபடி வந்திருச்சு, உக்கார முடியல, ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆராதனையும் நின்னுக்கிட்டே கேக்கணும், ஜெபம் பண்ணச் சொல்லு." பாட்டின் பெயரே 'ட்ரீனா நின்றுகொண்டு துதிக்கிறாள்'. ஐந்து தாடிகளும் சேர்ந்து நாலு சுருதியில் "நின்னுக்கிட்டே, நின்னுக்கிட்டே" என்று பாடுகிறார்கள். வெட்கத்தில் இவள் கதவைத் திறந்து குதித்துவிடுவாள் என்று பயந்து நான் காரை ஓரம் கட்டினேன். ட்ரீனா என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னொரு தடவை போடு." மூன்று தடவை போட்டேன், கெரிட். சியாட்டிலில் இருக்கிற பேரன் போன் செய்து "பாட்டி, நீங்க இங்க ஃபேமஸ்" என்றானாம். எண்பத்தொரு வயதில் மூலத்தால் கீர்த்தி பெற்றுவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நேராகப் போதகரிடம் போனேன். புதுப் போதகர், டெரெக் என்று பெயர், அவருக்கும் தாடி இருக்கிறது, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "அந்தரங்கமாச் சொன்ன ஜெபக் குறிப்பை டிராம்போன் வச்சு ஊதுறாங்களே, இது நியாயமா?" என்று கேட்டேன். "சிஸ்டர், நான் கேட்டேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சம்பந்தப்பட்டவங்க எல்லார்கிட்டயும் அனிகா சம்மதம் வாங்கிட்டாளே" என்றார். "என்கிட்ட வாங்கலையே!" என்று கத்தினேன். "உங்ககிட்டதான் முதல்ல வாங்கினாளாம், பெட்டியையே தூக்கிக் கொடுத்தீங்களாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லி எனக்கு ஒரு காபியும் கொடுத்தார். அந்தக் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். குடித்திருக்கலாம், நல்ல காபி.

வீட்டுக்கு வந்து, காரைவிட்டு இறங்காமல், மிச்சத்தைப் போட்டேன். ஏழாவது வந்தது. என் குரல். பெயர் 'யாரிடமும் சொல்ல வேண்டாம்'. "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்று என்னை வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்பப் பேச வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் டிராம்போன் 'ஓஹோ' என்று பதில் சொல்கிறது, அந்தப் படுபாவி எலியட் ரம்பத்தை அழ வைக்கிறான். பாதியிலேயே பட்டனைக் குத்தி நிறுத்திவிட்டேன். விரல் இன்னும் வலிக்கிறது.

நான் எதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன் என்று இந்நேரம் நீ கேட்டிருப்பாய். வேண்டாம், கெரிட், விட்டுவிடு. எங்கே விடப்போகிறாய், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். சரி, சொல்லித் தொலைக்கிறேன். டிராம்போன் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல்.

உன் மனைவி பெவர்லி பெட்டியோடும் இரண்டு வயது அனிகாவோடும் உன்னை விட்டுப் போன அன்று ராத்திரி நீ எனக்குப் போன் செய்தாய். கொட்டகையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாய். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ராத்திரியே ஜெபச் சங்கிலி மெஷினுக்குப் போன் செய்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்து, அதில் மட்டும் சொல்லி வைத்தேன். ஜெபத்துக்குச் சொன்னால் அது சொன்னதாகுமா? ஆகாது என்றுதான் அப்போது நினைத்தேன், அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். காலை ஒன்பதரைக்கு இரண்டு சபை மூப்பர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் வாசலில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் ஆறு வீட்டிலிருந்து பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட கண்ணாடிப் பாத்திரங்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டுக்காரி பெயர் ஒட்டியபடி. நீ ஆறையும் கழுவித் துடைத்து அவரவர் வாசலில் வைத்துவிட்டு அந்த மாசமே ஊரை விட்டுப் போனாய். போகிற அன்று என் சமையலறையில் நின்று, "யாருக்கா சொன்னது?" என்று கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பெவர்லியோட தங்கச்சி லோயிஸ்தான் சொல்லியிருப்பா" என்றேன். அவள் பாவம், ஒன்றுமறியாதவள். அவள் தலையில் கட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து அவள் பின்மண்டையைப் பார்த்தபடிதான் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

போதுமா? சந்தோஷமா? இப்போது சொல்கிறேன், தப்பு அந்தப் பெண்ணுடையது. கேசட்டைக் கிண்டியது அவள். அவள் கிண்டாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். ஏழாவது பாட்டை எடுத்துவிடச் சொல். சனிக்கிழமை வராதே. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களுக்கு நடுவில் நீ உட்கார்ந்து அதைக் கேட்பதை என்னால் பார்க்க முடியாது.

உன் வேலையையும் சரீரத்தையும் ஆண்டவர் காப்பாராக. உன் அடுப்பு அணையாமலும் உன் கார் வழியில் நிற்காமலும் இருப்பதாக. பக்கத்து வீட்டு மெத்தடிஸ்ட் சபைக்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

என்றும் உன் அன்பு அக்கா,
ஆலிடா ஹூக்ஸெமா

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போது அனிகா போன் செய்தாள். ஒட்டிய தலையைப் பிய்க்க முடியாது, அதனால் இதையும் இங்கேயே எழுதுகிறேன். "அத்தை, ஏழாவது பாட்ட முழுசாக் கேட்டீங்களா?" என்றாள். பாதிதான் என்றேன். "அதானே பாத்தேன். அப்பா கிறிஸ்துமஸுக்கே கேட்டுட்டாரு. அவர் சம்மதம் இல்லாம சேப்பேனா?" என்றாள். "அப்படீன்னா அவனுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றேன். "அவருக்கு அன்னைக்கே தெரியும் அத்தை. அம்மா போனத அவர் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னாராம். லோயிஸ் சித்திக்கே மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். அப்பா வருஷா வருஷம் சித்தி வீட்டுக்கு வந்து ஆப்பிள் பறிச்சுக் குடுத்துட்டுப் போறாரே, உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. எனக்கு இந்த ஊரில் எல்லாரைப் பற்றியும் தெரியும், அது தெரியாது.

காருக்குப் போய் மிச்சத்தைக் கேட்டேன். ரம்பம் நிற்கிறது, டிராம்போன் நிற்கிறது, எல்லாம் நிற்கிறது. அன்றைக்கு நான் சொல்லி முடித்துவிட்டு ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நிமிஷம் நான் அழுதுகொண்டே இருக்கிறேன். "கெரிட், என் கண்ணு, கெரிட்" என்கிறேன், வேறு ஒன்றுமில்லை. அங்கே வாத்தியம் வேண்டாம், அக்கா மட்டும் இருக்கட்டும் என்று அனிகாவிடம் சொன்னது நீதானாம்.

ஏன்டா, தெரிந்துகொண்டேவா இருபத்திரண்டு வருஷம் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாய்? ஒரு தடவையாவது திட்டியிருக்க வேண்டாமா? மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. ஏழாவது பாட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து, எல்லார் முன்னாலும், வாய்விட்டு என்னைத் திட்டு.