பெயிண்ட் காயாத காரணத்தால் நிக்காஹ் தேதியைத் தள்ளிவைப்பது குறித்து

காரைக்கால்,
செவ்வாய்க்கிழமை

கூத்தாநல்லூரில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சஃபியுல்லா அவர்களுக்கு, காரைக்கால் பெயிண்ட் கடை சேக் பரீது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. தங்களுக்கும் வீட்டாருக்கும் மாப்பிள்ளை ஷகீலுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுத்திருப்பான் என்று நம்புகிறேன். இங்கே நானும் ரோஷன் பேகமும் மகள் பஹீமாவும் சுகம்; என் கை மட்டும் முழங்கை வரை நீலமாக இருக்கிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும். கடிதம் என்றால் தனியாகச் சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மண்டபம் தயார், பிரியாணி மாஸ்டர் தயார். பெயிண்ட் காயவில்லை.

நிச்சயத்தன்று உங்கள் வீட்டில் நான் வாய்விட்டது நினைவிருக்கும். "கடையில வாங்கி அடுக்குறதெல்லாம் ஒரு சீராங்க? அத்தனையும் என் கையால செஞ்சு, பூ வரைஞ்சு கொண்டாந்து இறக்குறேன்" என்றேன். உங்கள் வீட்டுப் பெண்கள் பதினைந்து பேர் கேட்டார்கள். ஒருவர் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம். சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டை வைத்து விற்று இந்தக் கடைக்கு வந்தவன் நான், முப்பது வருஷமாகப் பெயிண்டோடு குடித்தனம், பிரஷ் பிடிப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கிடங்கு மூலையில் பதினாறு டப்பா எனாமல் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் பஹீமாவின் துணிமணிக்கு மரப்பெட்டி. நீலம் அடித்தேன். வீடியோவில் சொல்லிக்கொடுக்கிற அம்மா, இரண்டு மணி நேரம் காயவிடுங்கள் என்றார். அந்த இரண்டு மணி நேரம் நான் என்ன செய்வது? ஒரு ஆளுக்கு டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இன்னொரு ஆளுக்கு ஆணி நிறுத்துப் பழகிய கை. சும்மா இருந்தால் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே பெட்டி காய்வதற்குள் கண்ணாடிக்குச் சட்டம் ஆரம்பித்தேன், காரைக்கால்மேட்டில் பொறுக்கிய கிளிஞ்சல் பதித்து. அது காய்வதற்குள் இனிப்பு வைத்துக் கொடுக்க நாற்பது மண்கலயம். அது காய்வதற்குள் ஒரு முக்காலி. அது காய்வதற்குள் "ஷகீல் – பஹீமா" என்று பெயர்ப்பலகை. பிறகு திரும்பிப்போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், விரல் ஒட்டியது. ரேகையை மறைக்க இன்னொரு பூச்சு கொடுத்தேன். அது காயவேண்டுமே, அதற்குள் ஊஞ்சல் பலகையை எடுத்தேன். இப்படியே இன்றைக்கு ஒன்பது வேலை நடக்கிறது, ஒன்றும் முடியவில்லை.

மீன்கார அஞ்சுகம் கூடையை இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது முக்காலியும் எழுந்தது. "என்ன பாய், உக்கார வச்சிருக்கீங்களா, ஆளப் புடிக்க வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தோம். அப்படியும் மூன்று நாளாக எங்கள் தெருப்பக்கம் மீன் வரவில்லை. பெயர்ப்பலகையைப் பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்ததில் மாப்பிள்ளை பெயர் சுவருக்குப் போய்விட்டது. சுவருக்குச் சொந்தக்காரர் சிவசுப்பிரமணியன், "கண்ணாடி வச்சுத்தான் படிக்க முடியுது, ஆனா நல்ல பேருதாங்க" என்றார். கலயங்கள் மேல் பூனை நடந்தது. பஹீமா பார்த்துவிட்டு, "வாப்பா, நீங்க போட்ட பூவுக்கு இது தேவலை" என்றாள். பூனையைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. வீட்டில் கைவைக்க இடம் கிடையாது. ரோஷன் பேகம் சமையலறைக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போகிறார். "இந்த வீட்ல காஞ்சது என் தொண்டை ஒன்னுதாங்க" என்கிறார்.

காரணம் கடல் காற்று. முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லிவருவதும் அதுதான். கோட்டுச்சேரி சுப்ராயன், வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடித்துப் பதினைந்து நாளாகியும் ஆடு வந்து ஒட்டிக்கொள்கிறது என்று டப்பாவோடு நின்றபோதும் இதையே சொன்னேன், ஒத்துக்கொண்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனார். போன வாரம் நீங்களும், "நாற்காலிக்கு நீங்க குடுத்தனுப்புன பச்சை இன்னும் பிசுபிசுங்குதே சம்பந்தி" என்றீர்கள். கடல் காற்று என்றேன். "கூத்தாநல்லூர்ல ஏதுங்க கடல்?" என்றீர்கள். காற்றுக்கு அது தெரியுமா?

ஆகவே ஒரு மாதம் கொடுங்கள். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கி எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் சம்மதம் வந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன். வீட்டம்மாவுக்கு எங்கள் ஸலாம். மாப்பிள்ளைக்கு என் துஆ எப்போதும் உண்டு.

வஸ்ஸலாம்.

சொன்ன சொல்லில் நிற்கும் தங்கள் சம்பந்தி,
சேக் பரீது

பி.கு. (புதன், மஃரிப் தொழுகைக்குப் பிறகு): மேலே உள்ளதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையில் போடுவதற்குள் பஹீமா படித்துவிட்டாள். ஒரு டப்பாவை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"வாப்பா, இது ஆறு வருஷத்துச் சரக்கு."

"கடல் காத்தும்மா."

"அத கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்டயுமா?"

மூலையில் கிடந்த அத்தனையும், காயவில்லை என்று திருப்பிக் கொடுக்கப்பட்டவை. இரண்டில் சாக்பீஸால் 'சுப்ராயன்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. பஹீமா கடையிலிருந்து புது டப்பா எடுத்துவந்து, புதுக் கலயம் ஒன்றை என்னிடம் கொடுத்து அடிக்கச் சொன்னாள். மதியம் லுஹருக்கு முன் அடித்தது சாயங்காலம் மஃரிபுக்குக் காய்ந்துவிட்டது. கடல் காற்று நாள் முழுக்க அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமையே. சீர் கடையில் வாங்கியதுதான் வரும். என் கையால் செய்தது ஒரு கலயம் வரும். பதினைந்து பேரும் சுற்றி நின்று பார்க்கலாம்.

இன்னொன்று. அந்த மூலையில் முதலில் இருபது டப்பா இருந்தது. நான்கு, உங்கள் நாற்காலிகளுக்கு அன்பளிப்பாக வந்தது. ஞாயிறு வரை மாப்பிள்ளையை அதில் உட்கார விடாதீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம், ஒட்டியதைக் கரைக்க இரண்டு பாட்டில் டர்பன்டைன் கொடுத்திருக்கிறேன். அது புதுச் சரக்கு.