ஜெட்டுக்கு லாய் மாஸ்டர் பார்த்த வைத்தியம்

பூஜ்யம். லாய் ஜின்ஃபா மாஸ்டருக்குச் சொந்தமாக இருக்கும் ரிமோட் விமானங்களின் எண்ணிக்கை அது. அவர் இதுவரை பழுது பார்த்தவை எத்தனை என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்ல ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்.

இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்தவன் வண்டி கிளம்பாத இடத்தில் தரையிலிருந்து முளைப்பவர்கள். எவனாவது காரின் முன்மூடியைத் தூக்கினால் போதும், அடுத்த தெருவிலிருந்து மோப்பம் பிடித்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, எட்டிப் பார்த்து, நிமிர்ந்து, "ம்" என்பார்கள். அந்த ஒரு "ம்"முக்குள் மூன்று பட்டப்படிப்பு இருக்கும். திருப்புளி கொண்டுவந்திருக்கிறாரா? இல்லை. கையில் கிரீஸ் படுமா? படாது. வைத்தியம் வாயிலிருந்துதான் வரும்.

எங்கள் ஆற்றுப்படுகையில், தர்பூசணித் தோட்டங்களுக்கு நடுவே தைவான்காரர்கள் நாங்கள் விமானம் விடும் மைதானத்தில், இந்த இனத்தின் நிரந்தரப் பிரதிநிதி லாய் மாஸ்டர். ஞாயிறுதோறும் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தேநீர் மேசை, விரல்நுனி அளவுக் கோப்பைகள் சகிதம் வந்துவிடுவார். "நான் விமானப்படையில இருந்தப்ப" என்று அவர் தொண்டையைச் செருமினால் எல்லாரும் ரிமோட்டைக் கீழே வைக்க வேண்டியதுதான். கட்டாய ராணுவச் சேவைக் காலத்தில் அவர் விமானப்படையில் இருந்தது உண்மை. சமையற்கட்டில் இருந்தார். அதனாலென்ன? தலைக்கு மேல் ஜெட் பறக்கப் பறக்கத்தானே முட்டைக்கோஸ் நறுக்கினார்.

அவரிடம் மாட்டிக்கொண்டவள் பீயுன். கடைத்தெருவில் புருஷன் மிங்தாங்கோடு வாத்துக்கறிக் கடை நடத்துகிறவள். ஊரே "முதலாளியம்மா" என்றுதான் கூப்பிடும். குளிர்காலம் முழுக்க, வாத்து வெட்டுகிற அதே மேசையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன்மேல் அவள் ஒரு ஜெட்டை ஒட்டி எழுப்பியிருந்தாள். வெள்ளி நிறம், ஒரு கை நீளம். பார்வைக்குப் போர் விமானம், வயிற்றுக்குள் மின்விசிறி. முன்பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி வாலுக்குப் பின்னால் பீய்ச்சி அடிக்கும். அதில்தான் பறக்க வேண்டும். பறக்கவில்லை. ஓடுபாதையில் ஆவேசமாக ஓடும், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம், அது கடைசிவரை தரையிலேயே ஓடித் தர்பூசணிக் கொடிக்குள் முகம் புதைத்துக்கொள்ளும்.

வாராவாரம் இதே கதை. தோட்டக்காரர்கள் தூரத்திலிருந்தே கையாட்டி வழிகாட்ட ஆரம்பித்தார்கள். மிங்தாங் ஒருநாள் கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டிக்குள், வாத்துகள் வரிசையாகத் தொங்கும் கம்பியில், புதிதாக ஒரு கொக்கி மாட்டினான்.

"எதுக்குய்யா இது?"

"வர்ற ஞாயித்துக்கிழமையும் ஏறலைன்னா உன் ஜெட் இங்க. பறக்காத பறவைங்க எல்லாம் இங்கதானே தொங்குது."

சாப்பிட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கத்தி பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது. ஆனால், சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

இப்போது பச்சைப் பாக்கெட்டுக்கு வருவோம். பொரித்த சோளத் தீனி. "சமர்த்தாயிரு" என்பது அதன் பெயருக்குப் பொருள். எங்கள் ஊரில் அடம் பிடிக்கக்கூடிய எந்த இயந்திரத்தின் மேலும் அதில் ஒன்று உட்கார்ந்திருக்கும். வங்கிக் கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, எதுவானாலும் சரி. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், காலாவதி தேதி தாண்டக் கூடாது, பிரிக்கவே கூடாது. பிரித்தால் இயந்திரத்துக்குப் பேய் பிடிக்கும். ஜெட்டின் முதல் ஓட்டத்துக்கு முன்பே லாய் மாஸ்டர் தன் கையால் அப்படி ஒரு பாக்கெட்டை விமானியறை மூடிக்கு அடியில் வைத்து, "எல்லாம் இந்தப் பாக்கெட்லதான் இருக்கு" என்று ஆசீர்வதித்திருந்தார்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. முதலில் பேட்டரி என்றார். மாற்றினாள். மூக்கு கனம் என்றார், பிறகு வால் கனம் என்றார். இரண்டுக்கும் ஈயம் ஒட்டினாள், இரண்டையும் பிய்த்தாள். சக்கரம் என்றார், காற்று என்றார், ஆற்று மணலில் இருந்து வரும் ஈரம் என்றார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து, பாக்கெட்டை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்துத் தேநீர் மேசைமேல் வைத்துவிட்டு, விசிறியை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். மேசைத் துணி பறக்கும், கோப்பைகள் உருளும், அப்படி ஒரு வேகம். "மிஷின் நல்லாதான் இருக்கு" என்பார் மாஸ்டர், ஏமாற்றத்தோடு. பாக்கெட்டை மறுபடி உள்ளே வைத்து மூடுவார்கள். ஜெட் மறுபடி கொடிக்குள் போகும்.

கடைசிக்கு முந்தின ஞாயிறு மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய நோய்க்குச் சின்னப் பாக்கெட் போதாது. குடும்பப் பாக்கெட் வாங்கி வந்து திணித்தார். அதுவரை ஓடுபாதையின் கடைசிவரையாவது போய்க்கொண்டிருந்த ஜெட், பாதியிலேயே முக்கி முனகி நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? வேலை செய்யுது. இப்ப கொடிக்குள்ள போகலையே."

கெடு வைத்த அந்தக் கடைசி ஞாயிறு மிங்தாங் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஜெட்டைக் கட்டி எடுத்துப்போகக் கயிறோடு வந்திருந்தான். மூடி திறந்திருந்தது; மாஸ்டர் குனிந்து "ம்" என்றார்; சுற்றி நின்றவர்கள் சுருதி சேர்த்தார்கள். பீயுன் விசிறியை ஓடவிட்டாள். தொப்பி ஒன்று பறந்தது. எல்லாம் சரியாக இருந்தது. தேநீர் மேசைமேல் வைத்திருந்த பாக்கெட்டை எடுக்க மாஸ்டர் திரும்பினார்.

மிங்தாங் அதைத் தின்றுகொண்டிருந்தான்.

அவன் விரலை நக்கினான். "என்ன? விடிகாலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. பாலத்தடிக் கடைக்கு ஆள் ஓடியது. மஞ்சள் பாக்கெட்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. மஞ்சளா? அதற்கு ஜெட்டை ஆற்றிலேயே எறிந்துவிடலாம். இன்றைக்கு விட வேண்டாம், விட்டால் மிஷின் என்ன செய்யும் என்று தெரியாது, விமானப்படையில் இருந்தபோது இப்படித்தான் ஒருமுறை, என்று மாஸ்டர் ஆரம்பித்தார். பீயுன் புருஷன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். கொக்கி ஞாபகம் வந்தது.

"பேய் பிடிச்சாலும் பரவால்ல மாஸ்டர். தொங்கறதுக்கு அது மேல்."

மூடியை அறைந்து மூடினாள். ஓடவிட்டாள். ஓடுபாதை பாதிகூடத் தாண்டவில்லை. ஜெட் மூக்கைத் தூக்கியது, தரையை விட்டது, தர்பூசணிகளுக்கு மேலே வெள்ளிக் கோடாகச் சீறி ஏறியது. பழக்கதோஷத்தில் கொடியைக் காட்டிக் கையாட்டிய தோட்டக்காரர் கையை இறக்க மறந்து நின்றார். ஒரு வட்டம், இரண்டு வட்டம். பீயுன் ஜெட்டை மூன்றாவது வட்டத்துக்குத் திருப்பினாள். வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

இறக்கியதும் மூடியைத் திறந்தாள். விசிறியின் வாயோரம் பச்சைத் தாள் பிசிறு ஒட்டியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. விசிறி காற்றை உறிஞ்சும்போதெல்லாம் பாக்கெட்டையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. அது போய் வாயை அடைத்திருக்கிறது. இத்தனை வாரமும் ஜெட்டின் முகத்தில் தலையணையை அமுக்கிக்கொண்டு "பற, பற" என்றிருக்கிறார்கள்.

மாஸ்டரிடம் பிசிறைக் காட்டினாள். அவர் வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"ம்," என்றார். "நான் முதல் நாள்லேர்ந்து என்ன சொல்றேன்? எல்லாம் அந்தப் பாக்கெட்லதான் இருக்குன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லத்தான் சொன்னார். மறுக்க முடியவில்லை. அவள் ஜெட்டைத் துடைத்து முடிப்பதற்குள் அவர் தேநீர் மேசையைச் சுற்றி ஆறு பேரை உட்காரவைத்து, மூச்சடைப்பு நோயை, அறிகுறியிலிருந்து சிகிச்சைவரை, கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். மிங்தாங் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தான். பாக்கெட்டைத் தின்றதற்கு அவனுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். பாக்கெட்டை மேசைமேல் எடுத்து வைத்தால் விசிறி நன்றாக ஓடுகிறது என்று படித்த இடத்திலேயே உங்களுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது, இல்லையா? "அட, அதை எடுங்கம்மா" என்று வாய்க்குள் சொன்னீர்கள். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பீர்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. ரிமோட் விமானம் ஒன்றைக்கூட நீங்கள் தொட்டதில்லை. அது ஒரு குறையே அல்ல. மாஸ்டரின் மேசைப் பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலிக்கு இடம் உண்டு.

புதுக் கொக்கியில் திங்கட்கிழமையிலிருந்து வாத்துதான் தொங்குகிறது.