எதிர்வீட்டுத் தொண்ணூறு

பெங்களூரில் வெயில் எத்தனை டிகிரி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே எத்தனை டிகிரி என்று தெருவைக் கூட்டிச் சொன்ன மனிதர், எனக்குத் தெரிந்து இந்த ஊரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ ஒன்று அவருக்கும் உண்டு. அல்சூரில் எங்கள் தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் 'தொண்ணூறு'.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் உலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். மைசூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குள் இருக்கும் சிப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று திரையின் மூலையில் எண்ணாகக் காட்ட வைக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். உலைக்காரருக்கு உலை திரும்பக் கிடைத்துவிட்டது.

சும்மா கிடக்கும் பெட்டியை வேண்டுமென்றே வேலை வாங்கி, எண் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பார். தொண்ணூறைத் தொட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவார். "தொண்ணூறு! தொண்ணூறு!" என்று எங்களுக்கு ஒரு தரம். "தொம்பத்து! தொம்பத்து!" என்று கன்னடக்காரர்களுக்கு ஒரு தரம். அதைக் கேட்டால் தள்ளுவண்டிக் கீரைக்காரர் கீரைமேல் தண்ணீர் தெளிப்பார். நான் மாடிக்குப் போய் வடகத்தைப் புரட்டிப் போடுவேன். தெருவுக்கு அது ஒரு வசதியாகத்தான் இருந்தது.

மகள் பாடுதான் திண்டாட்டம். ஜன்னல் திறந்திருந்தால் அவள் குரல் எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

"அப்பா, என் மூஞ்சியைப் பாருப்பா! எதுக்கு அந்த மூலையையே பாக்கற?"

"பாத்துனுதாம்மா இருக்கேன். நீ பேசு. நீ பேசுனா ரெண்டு டிகிரி ஏறுது."

ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். பார்க்க வந்தவர் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "எவ்ளோ காட்டுது?" என்றார். நூற்றிரண்டு என்றேன்.

"நூறு வந்தாலே சிப்பு படுத்துடும்க்கா. நீ ரெண்டு ஜாஸ்தி தாங்கினு இருக்க. கெட்டி உடம்பு."

மாத்திரையைவிட அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெம்பு வந்தது. தெர்மாமீட்டர் கணக்கு வேறு, பெட்டிக் கணக்கு வேறு என்று பிறகு அவரே சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இப்போது என் மருமகள் கவிதாவின் கதைக்கு வருகிறேன். என் மகன் பொம்மனஹள்ளிப் பக்கம் வேலைக்குப் போய்விடுவான். கவிதா வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்துக் கொடுப்பாள். சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோக்காரர் அப்போதுதான் அவளை நம்பி முதல் வேலை கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு. மண்டபத்துப் பெரிய திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சின்ன வயதிலிருந்து ஓட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடியோ கைக்கு வராவிட்டால் இனி இந்தப் பக்கமே வராதே என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வெளியே எடுக்கும் நேரத்தில் பெட்டி பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். பாதியில் மறுபடி பட். கடைக்காரருக்குப் போன் செய்தால், "பெட்டி செத்துப்போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். கவிதா நாற்காலியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நான் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்து, "தொண்ணூறு!" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

"எங்க? எங்க?" என்று செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"பெட்டி சில்லுனுதான் இருக்குப்பா. ஆனா நின்னு நின்னு போவுது."

"பெட்டியைத் தொட்டா இன்னாக்கா தெரியும்? குக்கர் பிடியைத் தொட்டுப் பாத்தா பருப்பு வெந்துச்சான்னு சொல்லுவ? உள்ள இருக்கறதைத்தான் கேக்கணும்."

கவிதாவின் திரையிலும் மூலையில் அந்த எண்ணை வரவழைத்தார். அறுபத்தைந்து என்று காட்டியது.

"சும்மா கெடக்கறப்பவே அறுபத்தஞ்சா? நாப்பதுல கெடக்கணும்மா இது. வேலை செய்யறப்ப எழுவது, எம்பதுன்னு போனாக்கூடப் பரவால்ல. எங்க, ஓட்டு பாப்போம்."

ஓட்டினாள். எண்பது. எண்பத்தாறு. தொண்ணூறு. நான் காதைப் பொத்திக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கத்தவில்லை. "தொண்ணூறு," என்று கோயிலில் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். நூறைத் தொட்டதும் திரை இருண்டது.

"செத்துப்போச்சா அங்கிள்?"

"சாவலம்மா. இன்னும் ஓடுனா வெந்துடுவோம்னு தானே படுத்துக்குச்சு. உன்னைவிட அதுக்கு புத்தி இருக்கு. அழுவாத."

அடுத்து அவர் சொன்னது சுத்தத் தப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையை ஒட்டிய சமையலறைச் சுவர்ச் சூடுதான் காரணம் என்றார். அடுப்பை அணைக்கச் சொன்னார். பாதி வெந்த சாம்பாரை அப்படியே இறக்கி வைத்தேன். மேஜையை ஹாலுக்கு இழுத்தோம். டேபிள் ஃபேனை வைத்து, பெட்டியை மறுபடி போட்டோம். எண் ஒன்றே ஒன்று குறைந்தது. அதற்கும் அவர் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் சாம்பார் போன கோபம்.

பிறகுதான் கரண்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே சின்ன ஃபேனுக்கு அடியில் தகடு தகடாக ஒன்று இருந்தது. சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடுவது அதுதானாம். தகடுகளுக்கு நடுவே கறுப்பாக, பிசுபிசுவென்று, கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. விரலில் கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார்.

"அக்கா, இதுல எப்படி கோயில் வாசனை வருது?"

வராமல் எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமைதோறும் வீடெல்லாம் சாம்பிராணி காட்டுபவள் நான். சோறு போடும் பெட்டி ஆயிற்றே என்று அதன் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்று காட்டுவேன். புகை முன்பக்கமாக உள்ளே போய்ப் பின்பக்கமாக வெளியே வரும். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. மிஷின் தூபத்தை ஏற்றுக்கொள்கிறது என்று நான் கவிதாவுக்குக்கூடக் காட்டியிருக்கிறேன்.

"ஏத்துக்கல அக்கா, மூச்சு முட்டினு இருந்துச்சு! ஃபேன் புகையை உள்ள இழுக்குது. பிசுக்கு ஒட்டுது. அதுமேல தூசு. காத்து போவ வழியே இல்ல."

"எங்க வீட்டு சாம்பிராணி யாருக்கும் கெடுதல் செஞ்சதில்லை. உன் பெட்டிக்குத்தான் பக்தி பத்தல."

"அத்தை!" என்றாள் கவிதா.

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அதைக் கழற்றி எடுத்து, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷால் தேய்த்து, ஊதி, துடைத்து, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் செய்தார். சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பசை காய்ந்திருந்தது; அதைத் துடைத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்தார்.

"இவ்ளோதானா அங்கிள்? இன்னும் கொஞ்சம் வைங்களேன்."

"இன்னாம்மா, இட்லிக்கு சட்னியா ஊத்தறோம்? ஜாஸ்தியானா வழியும்."

எல்லாவற்றையும் மாட்டி, மேஜையை மறுபடி அறைக்கே இழுத்து, சுவரோரம் ஒட்டாமல் காற்றுப் போகும்படி பெட்டியை வைத்தார். போட்டதும் நாற்பத்திரண்டு. கவிதா வேலையை ஓட்டினாள். அறுபது. எழுபது. எழுபத்து நான்கு. அங்கேயே நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மத்தியானம் வீடியோ முழுதாக வெளியே வந்தது. கவிதா முகத்தைக்கூடக் கழுவாமல் சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினாள். அந்த ஸ்டுடியோக்காரர் இன்றுவரை அவளுக்குத்தான் வேலை கொடுக்கிறார்.

தொண்ணூறு மட்டும் இன்னும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "எழுவத்தி நாலு," என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

சாம்பிராணியை நான் நிறுத்தவில்லை. பெட்டியை அணைத்து, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு மற்ற இடமெல்லாம் காட்டுகிறேன். கதவுக்கு வெளியே நின்று ஒரு சுற்று. சாமிக்கு அது போதும்.

போன வருடம் மகள் அவரை மைசூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பெட்டி கிடையாது. எல்லாம் மடியில் வைக்கிற மிஷின். அவரைத் தொட விடுவதில்லை. வெள்ளிக்கிழமையானால் எனக்குப் போன் வரும். "எவ்ளோக்கா?" நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் எண் எனக்கு நன்றாகத் தெரியும். "எழுபது," என்பேன். "நல்லதுக்கா," என்பார். ஒவ்வொரு வாரமும் அந்த 'நல்லது' சுருங்கிக்கொண்டே வந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குரலே எழும்பவில்லை அவருக்கு. "எவ்ளோக்கா?" என்றார். நான் திரையைப் பார்த்தேன். எழுபத்தொன்று.

"தொண்ணூறு," என்றேன்.

மறுநாள் காலை பிரஷும் பையுமாக வாசலில் நின்றார். நேராக உள்ளே போய்த் திரையின் மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். கரண்டைப் பிடுங்கிவிட்டு, சுத்தமாக இருந்த பெட்டியைக் கழற்றி மறுபடி சுத்தம் செய்ய உட்கார்ந்தார்.

அவருக்கும் சேர்த்துத்தான் நான் காலையிலேயே அரிசி களைந்து வைத்திருந்தேன்.