மாட்டுக்கு அச்சாறு போட்டவர்

கெலிஓயாவில் தொடங்கி கடுகண்ணாவை உச்சி வரைக்கும் ஒவ்வொரு மாட்டுக் கொட்டிலாக ஏறி இறங்கினாலும், பச்சை இலையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கும் மாட்டுக்காரர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பக்கத்து வீட்டு அச்சாறு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள்.

கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நான், வாடகை தோதாக இருந்ததால் கெலிஓயாவில் குடியேறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நீலப் பீப்பாக்கள். ஊரெல்லாம் மாங்காயையும் மிளகாயையும் ஊறப்போட்டு அச்சாறு செய்யும். நானாவோ மரவள்ளி இலையை வெட்டி, வாட்டி, இனிப்புப் பாணி தெளித்து, பீப்பாவுக்குள் போட்டு ஏறி மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவைப்பார். வாரக்கணக்கில் புளித்த பிறகு மாட்டுக்குப் போடுவார். பெயர் வந்த கதை இதுதான்.

பழக்கம் வந்த கதை வேறு. நாங்கள் வருவதற்கு முன்பு அவருடைய மாடொன்று ஒரு காலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மரவள்ளித் தோட்டத்தில் பச்சை இலையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் உயிர் போய்விட்டது. பிறகு பண்ணைக்காரர்களுக்கான வகுப்பொன்றில், இலையை வாட்டிப் பீப்பாவில் புளிக்கவைத்தால் அந்த நஞ்சு வெகுவாகக் குறையும் என்று கேட்டுவிட்டு வந்தார். அத்தோடு மனிதருக்கு உலகமே நஞ்சாகிவிட்டது.

முதலில் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். வாசனை வேலியைத் தாண்டியிருக்க வேண்டும். பின்னாலேயே நானாவும் தாண்டினார்.

"தங்கச்சி! சட்டிய மூடியா அவிக்கிறீங்க? தொறங்க, தொறங்க! நஞ்சு வெளிய போக வழி வேணாமா?"

மூடியைத் தானே தூக்கி, சுட்டுக்கொண்டு, விரலை உதறினார். போனவர் அப்படியே போயிருக்கலாம். நாங்கள் கிழங்கைத் தின்றுவிட்டு இஞ்சித் தேநீரை வாயருகே கொண்டுபோகும்போது மறுபடி வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"மரவள்ளி திண்டுட்டு இஞ்சியா? ரெண்டும் சேந்தா நஞ்சு! அல்லாவே! ஒரு குடும்பமே போகப் பாக்குதே!"

அன்றைக்கு எங்கள் தேநீர் அவருடைய வாழைமரத்துக்குப் போனது. வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் நான் சுட்டிக்காட்டியபோது, "வாழ மரவள்ளி திங்கல்லயே தம்பி" என்றார்.

இவ்வளவு புளிப்பு மணம் ஒரு வீட்டிலிருந்து வந்தால் ஊர் சும்மா இருக்குமா? யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள், நானா கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுகிறார் என்று. ஒரு காலை ஜீப் வந்து நின்றது. இறங்கிய சார்ஜன் மூக்கைச் சுருக்கினார்.

"இது கசிப்புத்தானே?"

ஐவேளையும் தொழுகிற மனிதர் நானா. முகம் சிவந்துவிட்டது.

"கசிப்பா? ஏன்ட வீட்டுலயா? சேர், இது மாட்டுச் சாப்பாடு!"

பீப்பாவைத் திறக்கச் சொன்னார் சார்ஜன். நானா மூடியை இறுக்கியிருந்த வளையத்தைத் தளர்த்தினார். உள்ளே தேங்கியிருந்த காற்றெல்லாம் ஒரே பெருமூச்சாக வெளியே வர, மூடி எகிறி சார்ஜனின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய் ஜம்பு மரத்தடியில் விழுந்தது. கூட வந்த கான்ஸ்டபிள் ஜீப்புக்குப் பின்னால் பதுங்கினார். அந்த அமளியில் கொட்டிலிலிருந்து வந்த சீதேவி, நானாவின் செல்லப் பசு, தலையைப் பீப்பாவுக்குள் விட்டு நிதானமாகச் சாப்பிடத் தொடங்கியது.

சார்ஜன் தொப்பியைப் பொறுக்கி மண்ணைத் தட்டினார்.

"மாட்டுக்குக் குடிவெறி வராதா?"

"வராது சேர். பால்தான் வரும்."

அடுத்த வாரம் அதே சார்ஜன் சீருடையில்லாமல் சாரத்தோடு வந்தார். அவர் வீட்டிலும் மாடு இருக்கிறதாம். கையோடு ஒரு பீப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

பொலிஸே பாடம் கேட்க வந்தபிறகு நானாவைப் பிடிக்க முடியவில்லை. நடையே மாறிவிட்டது. அந்த வருஷம் மழை பொய்த்து ஆற்றங்கரைப் புல் கருகிப்போனது. மரவள்ளி இலையும் தீர்ந்தது. எஞ்சிப் பச்சையாக நின்றது வேலி நெடுக மண்டியிருந்த உண்ணிச்செடிதான். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அது. நானா கத்தியோடு நிற்பதைக் கண்டு கேட்டேன்.

"நானா, இதை எந்த மாடும் மோந்துகூடப் பார்க்காதே?"

"பச்சயாத்தான் பாக்காது தம்பி. பாணி ஊத்தினா திங்கும்."

"நஞ்சுன்னு சொல்றாங்களே?"

"மரவள்ளிய அடக்கின பீப்பா இத அடக்காதா?"

பீப்பாவின் பெருமையில் குறுக்கிட எனக்கு உரிமை இல்லை.

உண்ணி இலை அடைத்த பீப்பாவைத் திறந்த நாலைந்து நாட்களில் சீதேவி தீனியைத் தொடவில்லை. கண் மஞ்சளித்தது. மூக்கு நுனி வெடித்தது. அதன் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருந்த இடமெல்லாம் வெயில் பட்டுப் புண்ணாகிவிட்டது. நானாவின் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் நான் வேலியைத் தாண்டினேன்.

மிருக வைத்தியராக வந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சீதேவியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நானாவிடம் திரும்பினார்.

"ஐயா, இதுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

நானா பீப்பாவைக் காட்டினார். வைத்தியர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"மரவள்ளியின்ர நஞ்சு இலையை வெட்டி வாட்டேக்க காத்தோட போயிடும். இது அப்பிடிப் போகாது. காய்ஞ்சாலும் புளிச்சாலும் உள்ளுக்கயே கிடக்கும். பச்சையாக் கிடந்திருந்தா மாடே கசப்பில விட்டிருக்கும். நீங்கள் பாணி விட்டு ருசியாக்கிக் குடுத்திட்டீங்கள்."

நானா பீப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நான்தான் குடுத்தீக்கி" என்றார், யாரையும் பார்க்காமல்.

வைத்தியர் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குழாயால் ஊற்றினார். வெயில் படவே கூடாது, பிழைப்பது உறுதியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் படக்கூடாது என்றதை நானா தன் வழக்கப்படியே கேட்டுக்கொண்டார். பெருநாளுக்கென்று நானாவின் மனைவி ராத்தா தைத்து மாட்டியிருந்த ரோஜாப்பூ கர்ட்டன்கள் அத்தனையும் கொட்டிலுக்குப் போயின. "ஊட்டுக்குள்ள தெருவே தெரியுது!" என்று ராத்தா கத்தினார். "தெருவுக்கு ஒண்ணும் வருத்தமில்லயே" என்றார் நானா. மாட்டைக் குழாயடிக்கு நடத்தும்போது கறுப்புக் குடையொன்றை அதன் முதுகுக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடப்பார். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் என்று த்ரீவீலர்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்தார். நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடையிடையே ஊரிலுள்ள வேலிகளில் ஏறி உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினார். கேட்டுச் செய்யும் பழக்கம் அவருக்கு ஏது? ஒரு காலை எழுந்து பார்த்தால் எங்கள் வேலியே காணாமல் போயிருந்தது.

சீதேவி பிழைத்துக்கொண்டது. மெல்ல மெல்லத்தான். முதலில் ஒரு வாய் புல், பிறகு ஒரு கட்டு. புண்கள் ஆறி, புது மயிர் முளைத்தது.

ஒரு மாலை வேலையிலிருந்து ஆற்றங்கரைப் பாதையால் வந்துகொண்டிருந்தேன். மழை விழுந்து கரையோரம் புல் துளிர்த்திருந்தது. சீதேவி மேய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் நானா குந்தியிருந்தார். யாரும் இல்லையென்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சீக்கி மகள். ஒனக்கு வாயிருந்தா ஏசியிருப்பாய். ஏசியிருக்கலாம்."

சீதேவி மேய்வதை நிறுத்தி அவர் தோளில் மூக்கை உரசியது. நானா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேறு யாராவதென்றால் கூப்பிட்டுக் கிண்டல் பண்ணியிருப்பேன். அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல், சுற்றுவழியால் வீட்டுக்குப் போனேன்.