கிளப்பில் இருபது நிமிடம்

"இது ரத்தினசாமி வேலைதான்!" என்று நாச்சிமுத்து அந்தக் கடிதத்தை மூன்றாம் தடவையாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

சேவை கிளப்பிலிருந்து வந்த கடிதம். புதிதாகச் சேர்ந்தவர் தம் தொழிலைப் பற்றிக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசுவது வழக்கம், வருகிற செவ்வாய்க்கிழமை அவர் முறை என்று செயலாளர் வக்கீல் வேலுமணி எழுதியிருந்தார்.

"பேசுறதுக்கு என்னங்க? ஊட்டுல நாள் பூரா பேசிட்டுத்தான இருக்கறீங்க," என்றாள் மனைவி செல்லாத்தாள்.

"உனக்குத் தெரியாது. எல்லாம் திட்டம்."

அந்தக் கிளப்பில் ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு பனியன்காரர். திருப்பூரில் இத்தனை பனியன்காரர்கள் இருக்க, அந்த ஒற்றை இடம் தன்னைத் தேடி வந்ததில் நாச்சிமுத்துவுக்கு இரண்டு மாதமாகக் கால் தரையில் பாவவில்லை. இப்போதுதான் பொறி தட்டியது. ரத்தினசாமிக்கும் பனியன் கம்பெனி உண்டு. ஆனால் அவர் அரிசி மில்காரராகக் கிளப்பில் உட்கார்ந்துகொண்டு பனியன் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஏன் விட்டார்? நாச்சிமுத்துவின் வாயிலிருந்தே சலவை ரகசியத்தைக் கறக்கத்தான்!

அவர் பனியனின் வெள்ளைக்காகவே மதுரை மொத்த வியாபாரி ஒருவர் வருஷா வருஷம் பொங்கல் சரக்கு முழுவதையும் அவரிடம் எடுத்தார். கம்பெனி ஓடியதே அந்த ஓர் ஆர்டரில்தான். அதனால் சலவைத் தொட்டியில் பவுடர் கலக்கும்போது, பெற்ற மகன் வந்தாலும் கதவைத் திறக்கமாட்டார் மனுஷர்.

தொண்டை கட்டிவிட்டது என்று கிளப்புக்குச் சொல்லி அனுப்பினார். அரை மணியில் கிளப் டாக்டர் டார்ச் லைட்டோடு வந்து நின்றார்.

"நல்லா வாயைத் தொறங்க... ஒண்ணையும் காணமுங்களே! எதுக்கும் ஒரு வாரம் பேசாதீங்க. கூட்டத்தை அடுத்த செவ்வாய்க்கு மாத்தச் சொல்லீர்றேன்."

சொன்ன பொய்க்காக ஒரு வாரம் சைகையிலேயே கம்பெனியை நடத்தினார். அவர் கையை ஆட்டியதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, இருபது டஜன் பனியனைக் கையில்லாமல் தைத்து வைத்துவிட்டார்கள்.

வேலுமணி நேரில் வந்தார். "தள்ளிப் போனதும் நல்லதுக்குத்தானுங்க. பல்லடத்து கிளப்காரங்களும் கேக்க வர்றாங்க."

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சொல்லித்தானே ஆகவேண்டும்? சொல்லிவிடலாம், தப்பாக!

செவ்வாய்க்கிழமை மைக் முன்னால் கம்பீரமாக நின்றார். நூறு கிலோ துணிக்கு ஆறு கிலோ பிளீச்சிங் பவுடர் போடுகிறவர், "மூணு கிலோ" என்றார். இரண்டே அலசல் அலசுகிறவர், "ஆறு அலசல்" என்றார். இதை நம்பிச் செய்கிறவனுக்குத் துணியும் வெளுக்காது, கூலியும் தண்டம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

ரத்தினசாமி பேனாவைத் திறந்தார். "மூணுங்களா?"

"மூணேதானுங்க! நல்லா எழுதிக்குங்க!"

கூட்டம் முடிந்ததும் ரத்தினசாமி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "யாருங்க இந்தக் காலத்துல தொழிலை இப்படித் தொறந்து சொல்றாங்க? உங்களைக் கிளப்புல சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்ததே நான்தானுங்க." அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரின் மேலும் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம்தான்.

வித்தியாசம் பளிச்சென்று தெரியட்டும் என்று மறுநாள் தன் தொட்டியில் எட்டு கிலோ கொட்டினார். அந்தத் துணியில் தைத்த முதல் பனியன் கட்டைச் சாம்பிளாக மதுரைக்கு அனுப்பிவிட்டு, ரத்தினசாமி தலையில் துண்டைப் போடும் நாளுக்காகக் காத்திருந்தார்.

மார்கழி பிறந்தது. ஆர்டர் வரவில்லை. மதுரைக் கடையாள் ஒருவன்தான் வந்தான், சாம்பிள் கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு. பிரித்தால் மடிப்பெல்லாம் மஞ்சள். பவுடர் அரித்த துணி லேசாக இழுத்ததும் டர்ரென்று கிழிந்தது.

"பொங்கல் சரக்கை முதலாளி ரத்தினசாமி ஐயாகிட்ட எடுத்துட்டாருங்க. அவரு பனியன் மல்லிகைப்பூவாட்டம் இருக்கு," என்றான்.

நாச்சிமுத்து இடிந்துபோனார். ஒன்பது வருஷ வாடிக்கை! அடுத்த மாதம் கம்பெனியைத் திறப்பதா மூடுவதா என்றே தெரியவில்லை.

"எங்கிட்ட இருக்கறவனே எவனோ என் ரகசியத்தை அவனுக்கு வித்துட்டான்!" என்று கத்தினார்.

கடையாள் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"யாரும் விக்கலீங்களே? கிளப்புல நீங்க சொன்னபடியே மூணு கிலோ, ஆறு அலசல்னு அவரு எல்லார்கிட்டயும் உங்க பேரைச் சொல்லித்தான் பெருமைப்படுறாரு. இவ்வளவு நல்ல முறையை ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு, நீங்க மட்டும் ஏங்க அதும்படி செய்யாம விட்டுட்டீங்க?"